வீட்டுத் துணிச் செலவு: துணி, தையல், சலவை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரிசிக்கு எவ்வளவு, பாலுக்கு எவ்வளவு, கரண்ட் பில் எவ்வளவு என்று கேட்டால் எந்த வீட்டிலும் பட்டென்று பதில் வரும். துணிக்கு வருஷத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் யோசனைதான் வரும். தீபாவளிக்கு எடுத்தது நினைவிருக்கும். தையல் கடையில் கொடுத்ததும் இஸ்திரி வண்டிக்குக் கொடுத்ததும் நினைவில் நிற்காது. என் கணிப்பில், கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் துணிச் செலவில் நடந்த பெரிய மாற்றமே இந்த நினைவில் நிற்காத பகுதியில்தான் நடந்திருக்கிறது. அதைப் பற்றி நண்பர்களும் உறவினர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

துணிச் செலவு என்றால் எதையெல்லாம் சேர்க்க வேண்டும்?

கடை பில் மட்டும் போதாது. தையல் கூலி, புடவைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடிக்கிற காசு, ஆல்டரேஷன், ஜிப் மாற்றுவது, இஸ்திரி, டிரை கிளீனிங், பட்டுப்புடவைக்குப் பாலீஷ், ரிசப்ஷனுக்கு வாடகைக்கு எடுக்கும் கோட்டு, செருப்பு, ஷூ எல்லாமே துணிக் கணக்குதான். ஐ.நா.வின் குடும்பச் செலவு வகைப்பாட்டில் மூன்றாவது பிரிவு உடையும் காலணியும். அதற்குள்ளேயே உடையைத் தைப்பது, வெளுப்பது, பழுது பார்ப்பது, வாடகைக்கு எடுப்பது எல்லாவற்றுக்கும் ஒரு உட்பிரிவு இருக்கிறது.

நம் நாட்டில் குடும்பச் செலவைக் கணக்கெடுப்பது தேசிய மாதிரி ஆய்வு அலுவலகம். அவர்கள் பிரிக்கிற விதம் வேறு. துணி, படுக்கை விரிப்பு, காலணி ஒரு தொகுப்பு. தையல்காரருக்குக் கொடுப்பதும் சலவை, இஸ்திரிக்குக் கொடுப்பதும் 'சேவைகள்' பக்கத்தில் முடிவெட்டும் செலவோடு போய் உட்கார்ந்துவிடும். சலவைச் சோப்பும் பவுடரும் இன்னொரு தலைப்பு. வாஷிங் மெஷின் நீடித்து உழைக்கும் பொருள்களில் வரும். ஆக, ஒரே சட்டையைச் சுற்றிய செலவு நான்கு இடத்தில் சிதறிக் கிடக்கிறது. பத்திரிகையில் "துணிக்கு இத்தனை விழுக்காடு" என்று படித்தால், அதில் தையலும் சலவையும் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சராசரியாக ஒரு குடும்பம் துணிக்கு எவ்வளவு செலவு செய்கிறது?

2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி இந்தியக் கிராமங்களில் ஆளுக்கு மாதச் செலவு 4,122 ரூபாய், நகரங்களில் 6,996 ரூபாய். கிராமத்தில் இதில் துணி, விரிப்பு, காலணிக்குப் போவது நூற்றுக்குச் சுமார் ஆறரை ரூபாய். நகரத்தில் இந்தப் பங்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. கிராமக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் ஆளுக்கு மாதம் சுமார் 270 ரூபாய். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 13,000 ரூபாய்.

தமிழ்நாட்டின் மொத்தச் செலவு அகில இந்திய சராசரியைவிட அதிகம். 2022-23-இல் அகில இந்திய அளவில் ஆளுக்குக் கிராமத்தில் 3,773, நகரத்தில் 6,459 ரூபாய் என்றிருந்தபோது, தமிழ்நாட்டில் அது 5,310 ரூபாயும் 7,630 ரூபாயும். ஆகவே நம் ஊர்க் குடும்பத்தின் துணிச் செலவும் அந்த 13,000-க்கு மேலே இருக்கும் என்று எடுத்துக்கொள்வதில் தப்பில்லை.

எங்கள் வீட்டில் தீபாவளிக்கே இருபதாயிரம் ஆகிவிடுகிறதே. இந்தக் கணக்கை எப்படி நம்புவது?

சராசரி என்பது எல்லா வீட்டையும் சேர்த்துப் போட்டது. புதுத்துணியே எடுக்காமல் போன வீடும் அதில் இருக்கிறது. அதைவிட முக்கியம், துணிச் செலவு மாதாமாதம் ஒரே அளவில் வராது. ஐப்பசியில் ஒரு அடி, தையில் ஒரு அடி, ஜூனில் பள்ளி திறக்கும்போது ஒரு அடி, நடுவில் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் வந்தால் பேரடி.

இதனால் ஆய்வு நடத்துகிறவர்களுக்கே தலைவலி. "கடந்த 30 நாளில் துணிக்கு எவ்வளவு?" என்று ஆகஸ்டில் ஒரு வீட்டில் கேட்டால் பெரும்பாலும் "ஒன்றுமில்லை" என்ற பதில்தான் வரும். அதே வீட்டில் நவம்பரில் கேட்டால் பெரிய தொகை வரும். அதனால்தான் இப்போது துணிக்கும் காலணிக்கும் கடந்த 365 நாள் கணக்கைக் கேட்கிறார்கள். காய்கறி, மீன், முட்டைக்கு ஏழு நாள், அரிசி பருப்புக்கு முப்பது நாள், துணிக்கு ஒரு வருஷம். பழைய ஆண்டுகளின் எண்களை இப்போதைய எண்களோடு ஒப்பிடும்போது இதை மறந்துவிட்டால் தப்பான முடிவுக்குப் போய்விடுவோம். முப்பது நாள் கேள்வியில் துணியின் பங்கு குறைந்து தெரியும். துணி வாங்குவது அப்போது குறைந்திருக்க வேண்டும் என்பதில்லை, கேட்ட விதம் வேறு.

வீட்டுக் கணக்குக்கும் இதே வழிதான் சரி. மாதக் கணக்கு போட்டுப் பார்த்தால் துணிச் செலவு பிடிபடாது. ஆடியிலிருந்து ஆடிவரை என்று ஒரு வருஷத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

காலப்போக்கில் துணியின் பங்கு குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா?

அமெரிக்காவில் பெரிதாகக் குறைந்திருக்கிறது. அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை நூறாண்டுச் செலவைத் தொகுத்திருக்கிறது. 1901-இல் ஒரு குடும்பத்தின் செலவில் துணிக்கு 14 விழுக்காடு. 1950-இல் 11.5. 1972-73-இல் 7.8. 2002-03-இல் 4.2. இப்போது 3-க்கும் கீழே. தொழிற்சாலைத் தையலும் செயற்கை இழையும் முதல் காரணம். வெளிநாட்டு ஜவுளிக்கு ஒவ்வொரு நாட்டுக்கும் இத்தனைதான் என்று வைத்திருந்த கோட்டா முறை 2005 ஜனவரி 1 அன்று முடிந்தது. அதன் பிறகு சீனா, வங்கதேசம், வியட்நாம், நம் திருப்பூர் எல்லாம் போட்டி போட்டு மலிவாக அனுப்பியது அடுத்த காரணம். அங்கே துணிப் பங்கு இறங்கியதில் இங்கே பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கிறவரின் குறைந்த கூலிக்கும் பங்கு உண்டு. இதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தியாவின் கதை வேறு. 1972-73-இல் கிராமத்துக் குடும்பம் நூறு ரூபாயில் 73 ரூபாயைச் சாப்பாட்டுக்கே செலவழித்தது. 1999-2000-இல் அது 59. 2023-24-இல் 47. இவ்வளவு பெரிய இறக்கத்துக்கு நடுவிலும் துணியின் பங்கு ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவிலேயே அசைந்துகொண்டிருக்கிறது. வருமானம் கூடக் கூட, சாப்பாட்டில் மிச்சமான காசு போக்குவரத்து, செல்போன், ஆஸ்பத்திரி, படிப்பு என்று போனது. துணிக்கும் அதன் பழைய பங்கு கிடைத்துக்கொண்டே இருந்தது.

ஆனால் அந்த ஆறு ஏழு ரூபாய்க்குள் இருப்பது அடியோடு மாறிவிட்டது. அப்போது அதில் பெரும்பங்கு தைக்காத துணிக்கே போனது. இப்போது ரெடிமேடில் போகிறது. கூடவே, அந்த எண்ணில் வராமல் வெளியே நிற்கும் தையல், சலவைச் செலவு தனியாக வளர்ந்திருக்கிறது.

தாத்தா பாட்டி காலத்தில் துணிக்கு அவ்வளவு தட்டுப்பாடா?

இரண்டாம் உலகப் போரின்போது ஆம். 1943-இல் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. மில்கள் விலையை முத்திரை குத்தித்தான் விற்க வேண்டும், ரேஷனில் அளவு வைத்துத்தான் கிடைக்கும். அந்தக் காலத்தவர்கள் 'கண்ட்ரோல் துணி' என்று சொல்வது இதைத்தான். போர் முடிந்தும் சில ஆண்டுகள் இது நீடித்தது. 1970-களில் ஏழைகளுக்காக மலிவு விலைக் கைத்தறித் துணித் திட்டம் வந்தது. 'ஜனதா சேலை', 'ஜனதா வேட்டி' என்ற பெயர்கள் அப்போது வந்தவை.

மாற்றத்தைக் கொண்டுவந்தது செயற்கை இழை. டெரிகாட்டன் சட்டையும் நைலக்ஸ் சேலையும் முதலில் பணக்காரர் வீட்டுப் பொருள். 1985 ஜவுளிக் கொள்கை செயற்கை இழை மீதான வரிச்சுமையைக் குறைத்த பிறகு பாலியஸ்டர் எல்லா வீட்டுக்கும் வந்தது. பருத்திச் சேலை தினமும் துவைத்துக் கட்டினால் சில மாதங்களில் நைந்துவிடும். பாலியஸ்டர் சேலை வருஷக்கணக்கில் உழைத்தது, கஞ்சி வேண்டாம், இஸ்திரி வேண்டாம், சீக்கிரம் காய்ந்துவிடும். நம் வெயிலுக்கு அது ஒத்துவராது என்பது உண்மைதான். ஆனால் வயல் வேலைக்குப் போய்வந்து இரவில் துவைத்துப் போடுகிற பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய மிச்சம் என்பதைப் பருத்தியின் அருமை பேசுகிற நாம் மறந்துவிடுகிறோம்.

ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு எவ்வளவு துணி தேவை என்று ஏதாவது அளவுகோல் இருக்கிறதா?

இருக்கிறது. 1957-இல் நடந்த 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலியை எப்படி நிர்ணயிப்பது என்று பேசியபோது துணிக்கு ஒரு கணக்கு வைத்தது. ஆளுக்கு ஆண்டுக்கு 18 கஜம், நான்கு பேர் குடும்பத்துக்கு 72 கஜம். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு புதிய ஊதியச் சட்டத்துக்காக 2020-இல் வெளியிட்ட வரைவு விதிகளில் 66 மீட்டர் என்று போட்டிருந்தார்கள். 72 கஜத்தை மீட்டரில் எழுதினால் 66 மீட்டர்தான் வரும். அதாவது அளவு அங்குலம்கூட நகரவில்லை.

சரி, 66 மீட்டரில் என்ன வரும் என்று வெட்டிப் பார்க்கலாம். சேலை ஒன்று ஐந்தரை மீட்டர். அம்மாவுக்கு நான்கு சேலை என்றால் 22 மீட்டர். அதற்கு பிளவுஸும் உள்பாவாடையும் சேர்த்து எட்டு மீட்டர். அப்பாவுக்கு மூன்று சட்டை, ஒன்றுக்கு இரண்டே கால் வீதம் ஏழு மீட்டர். வேட்டி, பேண்ட் சேர்த்து இன்னொரு எட்டு. 45 மீட்டர் முடிந்தது. மிச்சமிருக்கும் 21 மீட்டரில் வளர்கிற இரண்டு பிள்ளைகளின் உடுப்பு, துண்டு, பெட்ஷீட், தலையணை உறை எல்லாம் வர வேண்டும். முடியும், ஆனால் இழுத்துப் பிடித்துத்தான் முடியும். முக்கியமான இன்னொன்று, இந்த அளவுகோல் துணியை அளக்கிறது. அதைச் சட்டையாக்கித் தருகிற கூலி இந்த மீட்டர் கணக்கில் இல்லை.

புடவையைவிடப் பிளவுஸ் தைக்கக் கூடுதலாக ஆகிறதே, ஏன்?

பெண்கள் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. விலை ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். ஆனாலும் ஒரு பொது நிலவரம் சொல்லலாம். சாதா பிளவுஸுக்கு இருநூறு, முந்நூறு. லைனிங் வைத்தால் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிரின்சஸ் கட், முதுகில் கயிறு, பைப்பிங் என்று சேர்த்தால் இன்னும் ஏறும். ஆரி வேலை செய்தால் ஆயிரங்களில்தான் பேச்சு. சேலம் பக்கத்து இளம்பிள்ளை ஊரில் நெய்த ஒரு சேலை எண்ணூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதற்கு லைனிங் பிளவுஸ், ஃபால்ஸ், ஓரம், முந்தானைக்குக் குஞ்சம் என்று போனால் சேலை விலையைத் தாண்டிவிடும்.

காரணம், துணி விசைத்தறியில் மணிக்கு மீட்டர் கணக்கில் வெளியே வருகிறது. பிளவுஸ் அப்படி வராது. ஒவ்வொரு உடம்புக்கும் அளவு வேறு. மார்புச் சுற்றளவு, தோள், கைச் சுற்று, கழுத்து ஆழம், டார்ட் எங்கே முடிய வேண்டும் என்று அத்தனையையும் பார்த்து ஒரு ஆள் கையால் வெட்டித் தைக்க வேண்டும். லைனிங் வைத்தால் இரண்டு துணியும் ஒன்றோடொன்று இழுக்காமல் உட்கார வேண்டும். கொக்கி, வளையம் கையால்தான். ஒரு நல்ல டெய்லர் ஒரு நாளில் லைனிங் பிளவுஸ் நாலைந்து தைத்தாலே பெரிது. அதில் கடை வாடகை, கரண்ட், நூல், கேன்வாஸ் போக மிச்சம்தான் கூலி. இயந்திரம் துணியை மலிவாக்கியது. மனிதர் கை மலிவாகவில்லை, ஆகவும் கூடாது. நாம் 'தையல் கூலி ஏறிவிட்டது' என்று குறைப்படுகிறோம். இத்தனை நாள் அது அநியாயத்துக்குக் குறைவாக இருந்தது என்பதுதான் என் எண்ணம்.

இன்னொரு கோணமும் இருக்கிறது. முன்பு ஒரு கருப்பு, ஒரு சிவப்பு, ஒரு பச்சைப் பிளவுஸ் இருந்தால் பத்துச் சேலைக்குச் சமாளித்தார்கள். இப்போது சேலையோடேயே பிளவுஸ் துணி இணைந்து வருகிறது. அதனால் ஒவ்வொரு சேலைக்கும் ஒரு தையல் செலவு தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. செலவைக் குறைக்க விரும்பினால் கை வைக்க வேண்டிய இடம் இதுதான். உடுத்துகிற நிறங்களுக்குப் பொருந்துகிற சில நல்ல பிளவுஸ்களை நல்ல டெய்லரிடம் கொடுத்துத் தையுங்கள். உள்ளே இரண்டு பக்கமும் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். உடம்பு கொஞ்சம் மாறினாலும் பிரித்துப் போட்டுக்கொள்ளலாம்.

ரெடிமேட் வந்த பிறகு ஆண்கள் தைத்துப் போடுவது நின்றுவிட்டதா?

ஏறக்குறைய. சட்டைக்கு இரண்டே கால் மீட்டர், பேண்டுக்கு ஒன்றேகால் மீட்டர் எடுத்து, 'பிட்டு'த் துணியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு டெய்லர் கடைக்குப் போன பழக்கம் நடுவயதுக்காரர்களோடு நிற்கிறது. துணியும் கூலியும் சேர்ந்தால் ரெடிமேட் விலையைவிடக் கூடுதலாகிவிடுகிறது. ஈரோட்டில் வாராவாரம் கூடுகிற ஜவுளிச் சந்தை, சென்னை ரங்கநாதன் தெரு மாதிரி இடங்களில் சட்டை எடுக்கிறவருக்குத் தையல் என்ற செலவே இல்லை. ஆண்களுக்கான தையல் கடைகளில் பல இப்போது ஆல்டரேஷன் கடைகளாக மாறிவிட்டன: பேண்ட் நீளம் குறைக்க, இடுப்பு பிடிக்க. மதுரை மீனாட்சி அம்மன் கோயில் எதிரே புதுமண்டபத்தில் சிற்பத் தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் மெஷின் போட்டிருந்தவர்கள் இன்று அங்கே இல்லை. மண்டபத்தைக் காப்பதற்காகக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன.

சலவைச் செலவு முன்பு இவ்வளவு இல்லையே?

இருந்தது. காசாகக் கொடுக்கவில்லை, அதனால் கணக்கில் தெரியவில்லை. கிராமங்களில் வீடு வீடாக அழுக்குத் துணி எடுத்துப்போய் வெளுத்துத் தந்தவர்களுக்கு அறுவடைக் களத்தில் நெல்லும், தினமும் வாங்கிப்போகும் சோறும், நல்லது கெட்டதுக்குக் கொஞ்சம் பணமும்தான் கூலி. அதுவும் சாதியின் பெயரால் கட்டாயமாக்கப்பட்ட உழைப்பு. அந்த முறை உடைந்து, செய்த வேலைக்குக் காசு என்று ஆனதைச் செலவு கூடியதாகப் பார்க்கக் கூடாது. கொடுக்காமல் விட்டதை இப்போது கொடுக்கிறோம்.

துவைப்பது பெரும்பாலான வீடுகளில் வீட்டுக்குள் வந்துவிட்டது. கல்லில் அடித்ததற்கும் மெஷினில் போடுவதற்கும் நடுவே செலவு மாறிய விதத்தைப் பாருங்கள். மெஷின் விலை, கரண்ட், தண்ணீர், லிக்விட் டிடர்ஜென்ட், கம்ஃபர்ட். இவற்றில் எதுவும் துணித் தலைப்பில் வராது. துவைப்பவரின் நேரம் எந்தத் தலைப்பிலும் வராது. பெரும்பாலான வீடுகளில் அது இன்னும் பெண்ணின் நேரம்தான்.

வெளியே மிச்சமிருப்பது இஸ்திரி. தெருமுனை வண்டியில் சட்டைக்குப் பத்து, பதினைந்து ரூபாய், சேலைக்கு அதைவிடக் கூடுதல். வேலைக்குப் போகிற இருவர் உள்ள வீட்டில் நாளுக்கு நான்கு உருப்படி என்றால் மாதம் ஆயிரத்தைத் தொடும், வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம். மேலே சொன்ன கிராமத்துக் குடும்பத்தின் மொத்தத் துணிச் செலவு 13,000 ரூபாய், நினைவிருக்கிறதா? கிட்டத்தட்ட அதே தொகை. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை, நோட்டில் எழுதிப் பார்த்த பிறகு நம்புகிறார்கள்.

ஜிஎஸ்டி துணியில் எவ்வளவு?

2025 செப்டம்பர் 22 முதல், 2,500 ரூபாய் வரையிலான உடைக்கு 5 விழுக்காடு, அதற்கு மேல் 18. அதற்கு முன்பு 2017 ஜூலையிலிருந்து ஆயிரம் ரூபாய் வரை 5, மேலே 12 என்று இருந்தது. காலணிக்கும் இப்போது அதே 2,500 ரூபாய்க் கோடுதான். வரம்பு ஒவ்வொரு உருப்படிக்கும் தனித்தனி, மொத்த பில்லுக்கு இல்லை. பத்துச் சட்டை எடுத்து பில் பத்தாயிரம் ஆனாலும், ஒவ்வொன்றும் ஆயிரம் என்றால் 5 விழுக்காடுதான்.

சேலையும் வேட்டியும் தைக்காத துணி என்ற கணக்கில் வருவதால் எந்த விலையிலும் 5 விழுக்காடே. இருபதாயிரம் ரூபாய் பட்டுக்கு 5, மூவாயிரம் ரூபாய் சட்டைக்கு 18. தெருவில் உள்ள டெய்லரும் இஸ்திரிக்காரரும் பெரும்பாலும் ஆண்டுக்கு 20 லட்சம் வரவுக்குக் கீழே இருப்பவர்கள், அவர்கள் ஜிஎஸ்டி பதிவே செய்ய வேண்டியதில்லை. அவர்களுக்குக் கொடுப்பதில் வரி இல்லை.

துணி விலை சில வருஷங்களில் திடீரென்று ஏறுவது எதனால்?

பருத்தி. 2022 மே மாதத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை ஏறித் திருப்பூரும் ஈரோடும் கொந்தளித்தன, தறிகள் நின்றன. அந்த ஆண்டின் இரண்டாம் பாதியில் நாட்டின் உடை, காலணி விலையேற்றம் ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டைத் தொட்டது. பஞ்சு பிறகு இறங்கியது. ஆனால் கடையில் ஒட்டிய விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை, அது எப்போதும் நடப்பதுதான்.

இலவசச் சீருடை, வேட்டி சேலை இதில் எப்படிச் சேரும்?

சத்துணவுத் திட்டத்தில் உள்ள அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடை. இவற்றைத் தைப்பது மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள். ஒரு வீட்டின் துணிச் செலவைக் குறைத்து, இன்னொரு வீட்டுக்குத் தையல் வருமானம் தருகிற திட்டம் என்பதால் இதை நான் மிக உயர்வாக நினைக்கிறேன். பொங்கலுக்கு ரேஷன் கடையில் தருகிற வேட்டி சேலை எம்.ஜி.ஆர். காலத்தில், 1983-இல் தொடங்கியது. விசைத்தறிக்கும் கைத்தறிக்கும் வேலை கிடைக்க வேண்டும் என்பதும் அதன் நோக்கம். 2022-23 ஆய்விலிருந்து, இலவசமாகக் கிடைக்கும் பள்ளிச் சீருடை, பள்ளிக் காலணி போன்றவற்றுக்கும் மதிப்புப் போட்டு, சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு கணக்கு வெளியிடுகிறார்கள்.

தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் கதை தலைகீழ். குறிப்பிட்ட கடையில்தான் எடுக்க வேண்டும், வாரத்தில் இரண்டு நாள் வேறு சீருடை, அதற்கு வேறு ஷூ என்று ஜூன் மாதம் வீட்டை உலுக்கிவிடும்.

தீபாவளிச் சீட்டு போட்டுத் துணி எடுப்பது நல்லதா?

மாதாமாதம் சேர்த்து வைப்பது நல்லது. யாரிடம் சேர்ப்பது என்பதில்தான் விஷயம். பதிவு இல்லாமல் நோட்டில் எழுதி நடத்தும் சீட்டில் பணம் போய்விட்டால் மீட்பது மிகக் கடினம். 1982 சிட்ஃபண்ட் சட்டப்படி பதிவு இல்லாத சீட்டு நடத்துவதே குற்றம். அஞ்சலகத்தில் ஆர்.டி. போட்டுக்கொள்வது இதைவிட நிம்மதி. 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸில் 'கனவு நனவு' என்ற மாதச் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. கடைசித் தவணையை அவர்களே போடுவார்கள், அந்தத் தொகைக்குக் கைத்தறித் துணி எடுத்துக்கொள்ளலாம். கைத்தறி எடுக்கிற எண்ணம் உள்ளவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

தவணைக்குத் துணி கொண்டுவந்து வீட்டு வாசலில் கொடுப்பவரிடம் வாங்கும்போது, அதே சேலை கடையில் என்ன விலை என்று ஒருமுறை விசாரித்துவிடுங்கள். வட்டி என்று சொல்ல மாட்டார், விலையிலேயே ஏறியிருக்கும்.

பழைய துணியைப் போட்டு எதையாவது வாங்கினால் கணக்கில் எழுத வேண்டுமா?

எழுதுங்கள், வரவுப் பக்கத்தில். பழைய சேலைக்குப் பிளாஸ்டிக் பக்கெட் தந்தால் பக்கெட் விலையைப் போடுங்கள். அசல் ஜரிகைப் பட்டு என்றால் பக்கெட்டுக்குக் கொடுக்காதீர்கள். அசல் ஜரிகை வெள்ளிக் கம்பியில் தங்கமுலாம் பூசியது. பழைய பட்டு வாங்குகிறவர்கள் எரித்து அந்த வெள்ளியைத்தான் எடுக்கிறார்கள். வெள்ளி விலை ஏற ஏற அந்தச் சேலையின் மதிப்பும் ஏறும். இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஜரிகை அசலா என்று தெரியாவிட்டால் சேலையைக் கொடுப்பதற்கு முன் காஞ்சிபுரம் பக்கம் கூட்டுறவுச் சங்கக் கடையில் காட்டிக் கேளுங்கள்.